ஐந்தாவது ஆளுக்குப் படுக்கை இல்லை

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பக் கடிதமாகத்தான் தொடங்கியது. கடிதமும் எனக்காக அல்ல, என் மனைவியின் அண்ணனுக்காக.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடம் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். கடந்த பதினான்கு மாதமாக அதே நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்கில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்ற மெக்கானிக்குகள் கேட்கும் சாமானை எடுத்துக் கொடுக்கிறார். அது தற்காலிக ஏற்பாடு. நிரந்தரமாக அங்கேயே இருக்க வேண்டுமென்றால் வரும் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் மறுபடி குழிக்குள் இறங்க முடியாது. புதன்கிழமை போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, நீங்க பத்திரிகைக்காரர். ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. சுருக்கமா இருந்தா போதும்."

"என்னன்னு எழுதணும் மச்சான்?"

"என் கண்ணை நானே நம்பல, ஆளுங்க உயிரு சம்பந்தப்பட்ட வேலைக்கு நான் சரிப்பட மாட்டேன்னு எழுதுங்க. கொஞ்சம் நாகரிகமா."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இன்று சனிக்கிழமை. இப்போது மணி ஏழு பத்து. கடிதம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. ஒரு பக்கம், நான்கு பத்தி, பிழை எதுவும் இல்லை. அவருடைய கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்பதைத் தவிர எல்லாம் அதில் இருக்கிறது.

அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்த இரண்டாவது கட்டுக் காகிதம். அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

2

மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். மூன்றையும் விட்டுவைக்கிறேன், அடித்தல் திருத்தலோடு பார்ப்பது உங்களுக்கு உதவும்.

முதலாவது: "ஏரியின் மேலிருந்து மூடுபனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. கரையோரம் நின்றிருந்த வெள்ளை வண்டியின் கூரையில்..." இதற்கு மேல் ஓடவில்லை. வண்டியை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் வரவேண்டிய வாக்கியம்.

இரண்டாவது: "வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் எதை விட்டுவிட்டு வர விரும்புகிறார்கள்? அடுப்பு கூடவே வருகிறது, கழிப்பறை கூடவே வருகிறது, மாமனார் வீட்டு மனஸ்தாபங்களும்..." கட்டுரை. ஞாயிறு மலரில் இந்த மாதிரி நிறைய எழுதியிருக்கிறேன். இப்படித் தொடங்கினால் நான் எங்கேயும் போய்ச் சேரமாட்டேன் என்று அனுபவத்தில் தெரியும்.

மூன்றாவது: "அவளை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்பது ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் தெரிந்தது."

இது நடந்தது. வாக்கியமும் பரவாயில்லை. ஆனால் "வந்துவிட்டோம்" என்ற இடத்தில் நாலு பேர் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். யார் யார் என்று பிரித்துப் பார்க்காமல் தாண்டிப்போக வசதியான சொல். பத்து நாள் அந்த வாக்கியத்தோடு நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்கு இருப்பது மூன்று மணி நேரம்.

3

அவள் என்றால் என் மனைவி. அவளுக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். ஓடுவாள், நீந்துவாள், துடுப்புப் போடுவாள். அளவு தெரிந்து ஊசி, அளவு தெரிந்து சாப்பாடு, இடுப்புப் பையில் எப்போதும் மிட்டாய். அளவு தப்பினால் சர்க்கரை இறங்கும். முதலில் கை நடுங்கும், பிறகு பேச்சு குழறும், அதற்கு மேல் யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு எட்டு நாள் விடுமுறைக்கு ஒரு வீட்டுவண்டியை வாடகைக்கு எடுத்தோம். ஏழு மீட்டர் நீளம். முன்னால் ஓட்டுநர் இருக்கை, அதற்குப் பின்னால் மடக்கி விரித்தால் படுக்கையாகும் மேசை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, கடைசியில் திரை போட்ட பெரிய படுக்கை. வெளியே பின்பக்கம் நான்கு சைக்கிள், கூரையில் இரண்டு படகு. திட்டம் முழுக்க உடம்பை வருத்துவது: மலையேற்றம், சைக்கிள், ஏரியில் துடுப்பு. யோசனை என் மனைவியுடையது. ஓட்டியவர் மச்சான். கூடவே மச்சானின் மனைவி, மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். என் மனைவிக்கு அண்ணி, ஆகவே இந்தப் பக்கங்களிலும் அண்ணி என்றே இருக்கட்டும். பிறகு நான். பிறகு என் நண்பன் ஒருவன், புகைப்படக்காரன், வாய் ஓயாதவன், எதையும் எடுத்த இடத்தில் வைக்காதவன்.

(புகைப்படக்காரனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மச்சான் தன் தொழிலை வண்டிக்குள்ளும் கொண்டுவந்திருந்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பெயர் எழுதிய சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மூன்று பேர் உள்ளே இருந்தால் மூன்று பூட்டு. வேலை முடிந்து மேலே வந்தவன் தன் பூட்டைத் தானே திறந்து எடுப்பான். கடைசிப் பூட்டு கழலும்வரை மின்சாரம் கிடையாது. அதையே அவர் வண்டிக்கு மாற்றினார். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டோக்கன், வளைத்த கம்பியில் கொக்கி. வண்டியை விட்டு இறங்கி எங்கே போனாலும் உங்கள் டோக்கனை ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் நீங்களே எடுத்துப் பின்பக்கப் படுக்கையோரம் இருக்கும் ஆணியில் தொங்கவிட வேண்டும். ஸ்டியரிங்கில் டோக்கன் இருந்தால் சாவியைத் திருப்பக் கூடாது.

அவருடையது நீலம். அண்ணிக்குப் பச்சை, என் மனைவிக்குச் சிவப்பு, எனக்கு மஞ்சள்.

"அவங்கவங்க டோக்கன், அவங்கவங்க கை," என்றார் முதல் நாள். "அடுத்தவன் டோக்கனைத் தொடக் கூடாது. நல்லது செய்யறோம்னு நெனச்சுக்கூடத் தொடக் கூடாது."

"தொட்டா ஷாக் அடிக்குமா அண்ணா?" என்றாள் என் மனைவி.

"சிரி பாப்பா. எங்க பழைய இடத்துல ஒருத்தன் இன்னொருத்தன் பூட்டை எடுத்துட்டான். ஏன்டான்னு கேட்டா, அவன் டீ குடிக்கப் போயிட்டான்னு நெனச்சேன்னான்."

"அப்புறம்?"

"அவன் டீ குடிக்கப் போகல."

அண்ணிதான் காப்பாற்றினார்: "ஊரு சுத்த வந்த இடத்துல நல்ல கதை சொல்றார் பாருங்க. இந்த மனுஷனோட இருபது வருஷம்."

கிளம்பும்போது மச்சான் ஒரு அட்டையைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் பதில் சொல்ல வேண்டும். கேஸ் மூடியாச்சா? ஆச்சு. படி மடக்கியாச்சா? ஆச்சு. ஜன்னல்? ஆச்சு. தண்ணிக் குழாய்? ஆச்சு. இரண்டாம் நாளே எல்லாருக்கும் பாட்டு மாதிரி மனப்பாடம். மனப்பாடமானால் வாய் மட்டும் வேலை செய்யும்.

4

ஐந்தாம் நாள் காலை. ஏரிக்கரையில் ஆளில்லாத முகாமிடம். போனில் சிக்னல் எடுக்காத இடம். ஒன்பது மணிக்கு எண்பது கிலோமீட்டர் தள்ளி ஆற்றில் படகுப் பயணத்துக்கு முன்பதிவு. ஏழு மணிக்காவது கிளம்பியாக வேண்டும், காலைச் சாப்பாடு வழியில்.

ஆறு பத்துக்கு என் மனைவி எழுந்தாள். ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டு பிஸ்கட் தின்றாள். ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம், நாற்பது நிமிடம், ஏழு மணிக்குள் திரும்பிவிடலாம் என்பது அவள் கணக்கு. யாரையும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை, அதற்குத்தானே டோக்கன். சிவப்பை ஸ்டியரிங்கில் மாட்டினாள். போன் சார்ஜில் இருந்தது.

ஆறே முக்காலுக்குப் புகைப்படக்காரன் எழுந்தான். ஸ்டியரிங்கில் சிவப்பு டோக்கனைப் பார்த்தான். நேற்று மாலை படகு விட்டு வந்தபோது எடுக்க மறந்திருப்பாள் என்று நினைத்தான். அவள் இரண்டாம் நாள் அப்படி மறந்து, மச்சானிடம் பத்து நிமிடம் பாடம் கேட்டவள். பாவம், காலங்காத்தாலே மறுபடி எதற்கு என்று அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஏழு மணிக்கு மச்சான் தொட்டியில் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங் வெறுமையாக இருந்தது. அட்டையை எடுத்தார்.

"கேஸ்?"

"ஆச்சு," என்றார் அண்ணி.

"படி?"

"ஆச்சு."

"பின்னாடி பாப்பா?"

"தூங்குறா," என்றான் புகைப்படக்காரன். "எழுப்ப வேண்டாம்."

ஓடும் வண்டியில் படுத்திருக்கக் கூடாது என்பது விதி. தங்கைக்காக மட்டும் மச்சான் தளர்த்திய ஒரே விதியும் அதுதான். சாவியைத் திருப்பினார்.

5

எட்டு இருபத்தைந்துக்கு டீசல் போட நிறுத்தினோம். "அவளை எழுப்பி எதையாவது சாப்பிட வைக்கணும், ஊசி போட்டிருப்பா" என்று அண்ணி பின்னால் போய்த் திரையை இழுத்தார்.

படுக்கையில் கசங்கிய போர்வை. அதற்கடியில், ஆள் படுத்திருக்கிற உயரத்துக்கு, நேற்று நனைந்து உலரப்போட்ட இரண்டு மிதவைச் சட்டைகள்.

அண்ணி திரையைப் பிடித்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மச்சானை. பிறகு என்னை. பிறகு

பிறகு புகைப்படக்காரனை, என்று எழுத வேண்டும். பேனா இங்கே நின்றுவிட்டது. அண்ணி அவனைப் பார்க்க வேண்டுமானால் அவன் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே உட்கார்ந்திருந்தான்? முன்னால் இரண்டு இருக்கை, மச்சான், அண்ணி. மேசையோரம் நான். இரவில் எங்கே படுத்தான்? வண்டியில் நான்கு பேருக்குத்தான் படுக்கை. டோக்கனை நீங்களே எண்ணியிருப்பீர்கள்: நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள். அவனுக்கு நான் ஒரு நிறம்கூடக் கொடுக்கவில்லை. மச்சான் மாதிரி ஒரு மனிதர் டோக்கன் இல்லாத ஆளை வண்டியில் ஏற்றுவாரா?

ஒரு பாத்திரத்தை உருவாக்கும்போது அவனுக்கு ஒரு இருக்கை கொடுக்க வேண்டும் என்பது அடிப்படை. அதைக்கூடச் செய்யாமல் அவனுக்கு ஒரு குற்றத்தை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

புகைப்படக்காரன் கிடையாது. வண்டியில் ஐந்தாவது ஆள் கிடையாது. டோக்கனை எடுத்தவன் நான். "தூங்குறா" என்று சொன்னவனும் நான்.

(இந்த இரண்டு வாக்கியங்களை எழுத ஒன்றரை வருடமும் இன்று காலை நாற்பது நிமிடமும் ஆயிற்று. மணி எட்டே கால்.)

6

அவனை வைத்து எழுதியதில் ஒரு பகுதி உண்மைதான். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், அவளைப் பாடத்திலிருந்து காப்பாற்றுவதாகவே நினைத்தேன். ஆனால் நினைத்ததைச் சரிபார்க்க நான்கு எட்டு நடந்து திரையை விலக்கினால் போதும். டோக்கனை மாட்ட வேண்டிய ஆணியும் அங்கேதான் இருந்தது. நான் ஏன் நடக்கவில்லை?

முந்தைய மாலை, மறுநாளைக்கு அடுத்த நாள் உச்சிவரை ஏறலாம் என்று அவள் வரைபடத்தை விரித்தாள். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "சர்க்கரைக்காரிக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? கீழ நின்னு கை காட்டு, போதும்."

அவள் வரைபடத்தை மடித்தாள். நான்காக, எட்டாக. பின்னால் போய்த் திரையை இழுத்தாள். மேசைப் படுக்கையில் மச்சானும் அண்ணியும்; நான் முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்தேன்.

காலையில் திரையை விலக்கியிருந்தால், முதலில் பேசியவன் நானாகியிருப்பேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கதைக்கு நன்றாக இருந்திருக்கும். இல்லை.*

* செய்தியாளனாக நான் விபத்துகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். விசாரணை அறிக்கைகளில் "மனிதத் தவறு" என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள் யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பார் என்று எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை.

7

திரும்பிய பயணத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடியும்.

அந்த வண்டியை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. டீசல் நிலையத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. பின்பக்கச் சைக்கிள் ஒன்று சுவரில் உரசி நசுங்கியது. மச்சான் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

"எப்ப போயிருப்பா?" என்றார்.

"ஆறு, ஆறரை இருக்கும்," என்றார் அண்ணி. அவர் அவளுடைய மருந்துப் பையைத் திறந்து மடியில் வைத்திருந்தார். "காலை ஊசி போட்டிருக்கா. ஊசி ஒண்ணு குறையுது. பிஸ்கட் ரெண்டுதான் குறையுது."

"அப்படின்னா?"

"அப்படின்னா வேகமாப் போங்க."

"மிட்டாய்ப் பை?"

"அது இல்ல. எடுத்துட்டுத்தான் போயிருக்கா. அதுல எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரியாது."

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சட்டைப்பையில் சிவப்பு டோக்கன் இருந்தது. அதன் கம்பி துணியைத் துளைத்து நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் சாலை வேலை. ஒரு பக்கப் பாதைதான், மாறி மாறித்தான் விடுவார்கள். வரும்போது பச்சை. இப்போது சிவப்பு. எதிரே லாரிகளின் வரிசை மலைவளைவுக்கு அப்பாலிருந்து வந்துகொண்டே இருந்தது. மச்சான் கதவைத் திறந்து குதித்துக் கொடி பிடித்திருந்த தொழிலாளியிடம் ஓடினார். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், தொழிலாளி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோவதும் கண்ணாடி வழியே தெரிந்தது. அண்ணியும் இறங்கி, போன் எடுக்கிறதா என்று சாலையோரம் கையைத் தூக்கிப் பிடித்து நின்றார்.

வண்டியில் நான் மட்டும் இருந்தேன்.

இந்த இடத்தை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காலையில் செய்தது தவறு. இது வேறு.

எழுந்தேன். ஓட்டுநர் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் விரிப்பின் ஓரம் மடங்கியிருந்தது. குனிந்து டோக்கனை அதற்கடியில் பாதி தெரிகிற மாதிரி செருகினேன். திரும்பி வந்து மேசையோரம் உட்கார்ந்தேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. நெஞ்சில் குத்தல் நின்றுவிட்டது. அந்த நிம்மதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கொடிக்காரர் எதிர்வரிசையை நிறுத்தி எங்களை விட்டார். மச்சான் ஏறும்போது அவருடைய காலுக்கடியில் ஏதோ நெரிந்தது. குனிந்து எடுத்தார்.

ஒரு நிமிடம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அதையே பார்த்தார்.

"மாட்டிட்டுத்தான் போயிருக்கா," என்றார். "நான் ஏறும்போது முட்டி பட்டு விழுந்திருக்கு. நான் கீழ பாக்கல."

"இப்ப அதுக்கு நேரமில்லைங்க," என்றார் அண்ணி.

"நான் பாக்கல," என்றார் மறுபடியும். வண்டியை எடுத்தார்.

8

என் மனைவிக்கு நடந்ததை அவள் சொன்ன அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஏழு ஐந்துக்குத் திரும்பினாள். வண்டி இல்லை. புல் முழுக்கப் பனித்துளி, நடுவில் வண்டி நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாக உலர்ந்திருந்தது. தண்ணீர் பிடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். பிறகு, நேற்றைய சண்டைக்குப் பதிலாக நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். "நீ எட்டிப் பாத்துச் சிரிப்பேன்னு அந்த மரத்தையே பாத்துட்டு இருந்தேன்" என்றாள் பிறகு.

அந்த உலர்ந்த சதுரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். பையில் நான்கு மிட்டாய். இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாள். எட்டரைக்குத் தீர்ந்துவிட்டது. நடந்து சாலைக்குப் போனால் இருக்கிற சர்க்கரையும் கரையும். ஆகவே நடக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் கை நடுங்கியது. தண்ணீர்க் குழாய்வரை போகலாம் என்று எழுந்தது நினைவிருக்கிறது. சிமெண்ட் மேடையின் விளிம்பு முகத்தை நோக்கி வந்தது நினைவிருக்கிறது.

குப்பை அள்ள மொபெட்டில் வந்த முகாம் காவலாளி அவளைப் பார்த்திருக்கிறார். தன் புட்டியில் இருந்த இனிப்புக் குளிர்பானத்தை உதட்டில் தடவித் தடவி, பிறகு மடக்கு மடக்காகக் கொடுத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோயைப் பற்றி எதுவும் தெரியாது. கையில் வேறு எதுவும் இல்லை, அதனால் அதைக் கொடுத்தாராம். அவர் தண்ணீர் கொண்டுவருகிறவராக இருந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பத்து இருபதுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழாயடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாடையில் ரத்தம். மச்சான்தான் முதலில் ஓடினார்.

"நான் மாட்டிட்டுத்தான் போனேன் அண்ணா," என்றாள். வார்த்தை குழறியது.

"தெரியும் பாப்பா. விழுந்து கிடந்துச்சு. நான்தான் பாக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "நீ எங்க இருந்தே?" என்றாள்.

"உள்ள இருந்தேன்," என்றேன்.

தாடையில் ஐந்து தையல்.

9

மச்சான் வேலைக்குத் திரும்பிய வாரமே தொடங்கியது. குழியிலிருந்து மேலே வந்த பிறகு மறுபடி இறங்கி, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு இரண்டு முறை. பிறகு மின்சாரத்தைப் போடுவதற்குமுன் கூட வேலை செய்கிறவனை "நீ மேலதானே இருக்கே?" என்று கேட்க ஆரம்பித்தார். அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பான். பையன்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். நான்கு மாதத்தில் அவராகவே கேட்டுக் கிடங்குக்குப் போனார்.

"கம்பியில நானே வளைச்ச கொக்கி அது," என்றார் ஒருநாள் என்னிடம். "லேசுல கழண்டு விழாது மாப்ள. அப்ப எவ்வளவு பலமா இடிச்சிருப்பேன்? அதுகூடத் தெரியாம உக்காந்திருக்கேன்."

அந்தக் கேள்வியில் வழி திறந்தேதான் இருந்தது. நான் காபியைக் குடித்தேன்.

10

வழக்கப்படி முடிவுகள். மணி ஒன்பது இருபது.

முதல் முடிவு: அவரிடம் சொல்கிறேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போகட்டும் மாப்ள" என்று தோளைத் தட்டுகிறார், திங்கட்கிழமை குழிக்குள் இறங்குகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஆகவே நம்ப வேண்டாம். மன்னிப்பை நானே எழுதி அவர் வாயில் வைக்கிறேன்.

இரண்டாவது: கடிதத்தை மட்டும் கொடுக்கிறேன். இதை வேறு ஊர், வேறு தொழில் போட்டு, புகைப்படக்காரனை மறுபடி ஏற்றி, அவனுக்கு ஒரு இருக்கையும் ஆரஞ்சு டோக்கனும் கொடுத்து, பத்திரிகைக்குக் கதையாக அனுப்புகிறேன். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் எழுதுவார்கள். மச்சான் கதை வாசிக்கிறவர் அல்ல. இது நடக்கக்கூடியது.

மூன்றாவது முடிவில் என் மனைவி இதை முதலில் வாசிக்கிறாள். நான் எழுதும் எதையும் பென்சிலோடு முதலில் வாசிப்பவள் அவள்தான். அவள் ஏழாம் பகுதிக்கு வரும்போது பென்சில் என்ன செய்யும் என்று

இல்லை. இதை எழுத வரவில்லை.

சற்றுமுன் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் தாடைத் தழும்பு தெரிந்தது.

"ஒரு லெட்டருக்கு இத்தனை பேப்பரா? அண்ணன் என்ன நாட்டையா எழுதிக் கேட்டாரு?"

"ரெண்டு இருக்கு," என்றேன்.

"எது அவருக்கு?"

"இன்னும் முடிவு பண்ணல."

"நான் பாக்கட்டுமா?"

"அவர் வரட்டும்."

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. "நீ எங்க இருந்தே" என்பதை அவள் அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒரு பாத்திரம் இப்படிப் பேசாமல் நின்றால், அவள் மனதில் ஓடுவதை எழுதிவிடுவது என் தொழில். இன்று எழுதமாட்டேன். அவங்கவங்க டோக்கன்.

11

மணி பத்தடிக்க நான்கு நிமிடம். மேசையில் இடது பக்கம் கடிதம், ஒரு தாள். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. வலது பக்கம் இந்தக் கட்டு.

உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். இது உங்கள் கையில் இருக்கிறது என்பதால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது கிழிக்கப்படவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அவர் வாசித்துவிட்டு என்னிடம் வீசியெறிந்ததா, வாசிக்காமல் இருபது வருடம் இழுப்பறையில் கிடந்ததா, அவளே எடுத்து அனுப்பியதா என்று இந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. முடிவை நான் மறைக்கவில்லை. இங்கிருந்து எனக்கும் தெரியவில்லை.

கீழே லிஃப்ட் கிளம்பும் சத்தம். அவர் எப்போதும் லிஃப்ட்டில்தான் வருவார். வரும்போது அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், "உங்க கட்டடத்து லிஃப்ட்டுக்கு மூணாவது மாடியில ஒரு முனகல் இருக்கு, சொல்லுங்க" என்பார். இதோ முனகுகிறது. நாலு. ஐந்து. எங்கள் மாடியில் நிற்கிறது. கதவு திறக்கிறது.

உடனே இறங்கவில்லை. கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்துத் திரும்பி, உள்ளே யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றரை வருடமாக அப்படித்தான்.

மனைவி போய் வாசல் கதவைத் திறக்கிறாள். "வாண்ணா, உள்ள இருக்கார்."

செருப்பைக் கழற்றுகிற சத்தம். கூடத்தில் காலடி. என் கை காகிதத்தின் மேல் இருக்கிறது, எந்தக் காகிதம் என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

"என்ன மாப்ள," என்று குரல் முதலில் வருகிறது, அட்டையைப் பார்த்து வாசிக்கிற அதே குரல். "லெட்டர் ஆச்சா?"